தபால்காரி மேவிஸும் ஐந்து ஏக்கர் கட்டங்களும்

மேவிஸ் ட்ரூஹியோ முப்பத்தொரு வருடம் தபால் வண்டி ஓட்டினாள். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது மைல். அதில் தார்ச்சாலை என்று பார்த்தால் முப்பது தேறும். மிச்சமெல்லாம் மணலும் சரளையும், மழை பெய்தால் திசை மாறிவிடுகிற வண்டித் தடங்களும்தான். காலை ஆறு மணிக்கு பெல்லோஸ் ஊர் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டு கிளம்பினால், ஸ்பிண்டில் பள்ளத்தாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியம் மூன்றுக்குத் திரும்புவாள். ஜன்னல் வழியே கையை நீட்டிப் பெட்டியில் போட வசதியாக, வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த ஜீப் ஒன்றைச் சொந்தத்தில் வாங்கியிருந்தாள். மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற அந்த ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவள் அவள் ஒருத்திதான். எதிரே வருகிறவர்கள் இடப்பக்கம் யாருமே இல்லாமல் வண்டி தானாக வருவதைப் பார்த்துத் திடுக்கிடுவதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

மொஹாவி பாலைவனத்தில் அந்தப் பள்ளத்தாக்கு வடக்கே கோலியர் மலைக்கும் தெற்கே சான் அமரோ மலைக்கும் நடுவே கிடக்கிறது. அவள் அப்பா காலத்தில், ஒரு சின்னக் குடில் கட்டிக் காட்டினால் போதும், ஐந்து ஏக்கர் உனக்கு என்று அரசாங்கம் கட்டம் கட்டமாக அளந்து கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தையல்காரர்களும் பஸ் டிரைவர்களும் விதவைகளும் பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். குடில் கட்டினார்கள். தோண்டிய இடத்தில் தண்ணீர் இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் நான்கைந்து கோடையோடு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். குடில்கள் காற்றில் சாய்ந்தன. நிலம் மட்டும் அவர்கள் பெயரிலேயே நின்றது. அவர்கள் காலமானபின் பிள்ளைகள் பெயரிலும், பிள்ளைகள் போனபின் அவர்களுடைய பிள்ளைகள் பெயரிலும்.

மேவிஸின் அப்பா போகாத இரண்டு பேரில் ஒருவர். தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைத்தார். அவள் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஏர்கூலர் பழுதுபார்க்கிற ஆர்லோவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். எந்தக் கட்டம் யாருடையது, அவர் மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டாள், யார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து வருவது எந்த வருடம் நின்றது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அறுபத்தொரு வயதில் ஓய்வு பெற்றாள். முதல் மாதம் வீட்டிலிருந்த அலமாரிகளையெல்லாம் ஒழித்து அடுக்கினாள். இரண்டாவது மாதம் ஆர்லோவின் பட்டறையில் கை வைத்தாள்.

"அம்மணி, ஸ்குரூவ நீளவாரியா அடுக்கச் சொல்லி உன்ன யாராவது கேட்டாங்களா?" என்றான் ஆர்லோ.

"உனக்குத் தேடுற நேரம் மிச்சம்."

"தேடுறதுதான் என் தொழிலே. நீ எங்கயாவது வேலைக்குப் போ. இல்லேன்னா நான் போறேன்."

அந்த வாரம்தான் இங்க்ரிட் பஷாயன் வந்து கதவைத் தட்டினாள். நாற்பது வயதுக்காரி. பெல்லோஸில் மூடிக்கிடந்த சலவைக்கடையின் இரண்டு அறைகளில் 'ஸ்பிண்டில் நில அறக்கட்டளை' என்று பலகை மாட்டி நான்கு வருடமாகிறது. நன்கொடை திரட்டி, விற்கிறவர்களிடம் நிலத்தை வாங்கி, யாரும் தோண்டாமல் கட்டாமல் அப்படியே விட்டுவைப்பதுதான் அவர்கள் வேலை. ஆமைக்காக. பாலைவன ஆமை வருடத்தில் பாதிக்கு மேல் வளைக்குள் கிடந்து, வசந்தத்தில் நான்கு பூவும் இலையும் தின்ன வெளியே வருகிற பிராணி. அதற்குத் துண்டுபடாத நிலம் வேண்டும்.

"நூறு பேருக்குக் கடிதம் போட்டோம். எழுபது திரும்பி வந்துடுச்சு" என்றாள் இங்க்ரிட். "எல்லா முகவரியும் உங்க தலையில இருக்குன்னு ஊரே சொல்லுது."

"இருக்கு."

"அப்போ..."

"இருக்கு. ஆனா அது என்னோடது இல்ல, கண்ணு. தபால்காரி வாய் திறந்தா அப்புறம் எவன் வீட்டு வாசல்ல பெட்டி வைப்பான்?"

இங்க்ரிட் முகம் வாடிப்போனது. மேவிஸ் குளிர்ந்த தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கொண்டுவந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். நான்கு மைல் அகலப் பள்ளத்தாக்கு. அறக்கட்டளை வாங்கிய கட்டங்கள் பச்சை நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்துக் கிடந்தன.

"இது நிலமா, கொசுவலையா? ஓட்டைதான் அதிகமா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முகவரி தர மாட்டேன். ஆனா நானே எழுதலாம். எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு நான் கடுதாசி போடுறத எந்தச் சட்டமும் தடுக்காது. பேச இஷ்டம் இருந்தா அவங்களே உனக்கு எழுதட்டும்" என்றாள்.

அன்று மாலையே உட்கார்ந்தாள். அச்சடித்த தாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். 'அன்புள்ள டோரத்தி, உங்கள் அப்பா கட்டிய குடிலின் கூரை போன ஜனவரிக் காற்றில் பறந்துவிட்டது. அடுப்பு மட்டும் நிற்கிறது. அதில் ஓர் ஆந்தை குடியிருக்கிறது' என்று தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டத்தின் நிலவரத்தைக் கையால் எழுதி, அடியில் இங்க்ரிட் ஆமைக்காக நிலம் தேடுவதையும் சேர்த்தாள். மடிப்பதற்கு முன் வாசலுக்குப் போய் கிரியோசோட் புதரிலிருந்து ஒரு கொத்து இலையைக் கிள்ளி உள்ளே வைத்தாள். மழை பெய்தால் பாலைவனம் முழுக்க மணப்பது அந்தப் புதர்தான். காய்ந்த இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போதும்.

"எதுக்கு இந்தச் செத்தை?" என்றான் ஆர்லோ.

"கடுதாசியப் படிக்காதவங்ககூட இத மோந்து பார்ப்பாங்க."

மோந்து பார்த்தார்கள். மூன்று வாரத்தில் பதில் வரத் தொடங்கியது. ஒமாஹாவிலிருந்து டோரத்தி, தான் ஏழு வயதில் அந்தக் கட்டத்தில் முதன்முதலாகப் பாம்பு பார்த்ததை நான்கு பக்கம் எழுதியிருந்தாள். கடைசிப் பத்தி மட்டும் சூடாக இருந்தது.

'ஆனால் மேவிஸ், உங்கள் ஊரில் என்ன நடக்கிறது? இப்போது உங்கள் இங்க்ரிட் ஆமைக்கு நிலம் கேட்கிறாள். போன மாதம் ஒருவன் ஆட்டுக்குக் கேட்டான். அதற்கு முன் ஒரு வக்கீல் கடிதம், தொல்குடி மக்களுக்கு என்று. மூன்று பேருமே நாங்கள்தான் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கிறோம் என்கிறார்கள். அடுத்து பாம்புக்கு என்று வருவார்களா? இவர்களில் யார் மோசடிக்காரர்?'

இதே கேள்வி இன்னும் ஐந்தாறு கடிதங்களில் இருந்தது. மேவிஸ் விசாரித்தாள். மோசடிக்காரர் யாருமில்லை. மூவரும் உண்மையானவர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு பக்கமாக வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோலியர் மலையடிவாரத்தில், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் வாரன் ஆஸ்ட்பி தன் கார் ஷெட்டிலிருந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார். அவர் காக்க நினைத்தது மலையில் திரியும் பெருங்கொம்புக் காட்டாடுகளை. ஒரு மலையில் தண்ணீர் வற்றினால் அவை பள்ளத்தாக்கைக் கடந்து மறுமலைக்குப் போயாக வேண்டும். மூன்றாவது, ஆற்றங்கரையில் வாழ்கிற தொல்குடிகளான செமஹுவேவி மக்கள் நடத்துகிற அறக்கட்டளை. அதன் பொறுப்பாளர் ஆல்ட்டன் ரோஹாஸ். தெற்கு மலையடியில் இருக்கிற ஊற்றும், அதற்குப் போகும் பழைய நடைபாதையும் அவர்களுடைய முன்னோர் வழி.

வாரனும் இங்க்ரிட்டும் பேசிக்கொள்வதே இல்லை. வாரன் தன் நிலத்து எல்லையில் பாறைகளைப் பற்றி விளக்கும் இரும்புப் பலகை ஒன்றை நட்டிருந்தார். பலகைமேல் காக்கை வந்து உட்காரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆமைக் குஞ்சுகளைப் பார்த்துக் கொத்தும் என்று இங்க்ரிட்டின் ஆட்கள் அதைப் பிடுங்கி அவர் ஷெட் வாசலில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார்கள். மூன்று வருடமாக எலியும் பூனையும்தான். ஆல்ட்டன் இரண்டு பேரையும் தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேவிஸ் பேனாவை மூடி வைத்தாள். மூன்று பேருக்கும் போன் போட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "வர்ற வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு என் ஜீப்ல ஏறுறவங்களுக்குத்தான் இனிமே கடுதாசி எழுதுவேன்."

மூவரும் வந்தார்கள். ஆல்ட்டன் முன்னிருக்கையில், ஸ்டியரிங் இருக்க வேண்டிய பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். பின்னிருக்கையில் வாரனும் இங்க்ரிட்டும், நடுவில் ஐந்து கேலன் தண்ணீர் கேன். கேனுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாதது போலவே இரண்டு பேரும் அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மேவிஸ் தன் பழைய தபால் வழியிலேயே ஓட்டினாள். பெட்டி இருந்த இடத்திலெல்லாம் பழக்கதோஷத்தில் வேகம் குறைந்தது. ஒவ்வொரு கட்டத்திலும், இது இவருடையது, இவர் இப்படிப்பட்டவர் என்று ஊரறிந்த கதையை மட்டும் சொன்னாள். பத்து மணிக்கு மணலோடை ஒன்றின் கரையில் நிறுத்தி மூவரையும் இறக்கினாள். கரையில் அரைவட்டமாக ஓர் ஆமை வளை. பக்கத்தில் நில அளவைக்காரர் எல்லைக்கு அடித்த கம்பி.

"வாத்தியாரே, இந்தக் கம்பிக்கு வடக்கே யாரோட நிலம்?"

"எங்களோடது" என்றார் வாரன்.

"இங்க்ரிட், தெற்கே?"

"எங்களோடது."

"வளை தெற்கால பத்தடி உள்ள போகுது. வாசல் இவர் நிலத்துல, படுக்கை உன் நிலத்துல. இப்ப சொல்லுங்க, இந்த ஆமை எந்த அறக்கட்டளை?"

ஆல்ட்டன் குலுங்கிச் சிரித்தார். "அது எங்க ஆளு. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே இங்க இருக்கு."

இங்க்ரிட்டுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வாரன் குனிந்து வளையையே பார்த்தபடி, "வாசல்ல புது மண்ணு. உள்ளதான் இருக்கு" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "போன மாசம் முட்டை வெச்சிருக்கும்" என்று இங்க்ரிட்டும் யாருக்கோ சொன்னாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

மதியம் மூன்று மணிக்கு, நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயிலில், ஓடைக்கு நடுவில் ஜீப் அச்சு வரை புதைந்தது. மேவிஸ் வேண்டுமென்றே புதைத்தாள் என்று ஆர்லோ இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். அவள் இல்லை என்றும் சொல்வதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை. டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்கள். கையாலேயே மணலை வாரினார்கள். வாரனும் இங்க்ரிட்டும் பின்பக்கம் தோளோடு தோள் கொடுத்துத் தள்ள, சக்கரம் சுழன்று இருவர் முகத்திலும் மண்ணை வாரி இறைத்தது.

"பலகைக்கு காக்கா வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பிடுங்கியிருப்பேன்" என்றார் வாரன், மண்ணைத் துப்பிக்கொண்டே.

"மூணு தடவை கடிதம் போட்டேன்! மூணையும் திருப்பி அனுப்பிட்டீங்களே!"

"எனக்கு வரவே இல்லையே!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி மேவிஸைப் பார்த்தார்கள்.

"என்னப் பாக்காதீங்க. கார் ஷெட்டுக்குத் தபால் பெட்டி கிடையாது. மூணு வருஷமா நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

ஜீப் வெளியே வந்தபின் கிடைத்த நிழலில் உட்கார்ந்து, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோவைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். மூன்று வரைபடங்களுக்குப் பதில் ஒன்று. மூன்று கடிதங்களுக்குப் பதில் ஒன்று, அடியில் மூன்று கையெழுத்து. விற்கிறவர் யாரிடம் விற்கச் சம்மதித்தாலும் அவர்கள் வாங்குவது, பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. ஆல்ட்டன் ஒன்றில் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"ஊத்து எங்க கையில இருக்கணும். அதுல பேச்சுக்கு இடமில்ல. ஒரு காலத்துல இந்தப் பள்ளத்தாக்குல எதுக்குமே விலை கிடையாது. இப்ப எங்க தாத்தாவோட இடத்த நாங்களே அஞ்சஞ்சு ஏக்கரா வாங்கிட்டிருக்கோம். அதுல உங்ககூட ஏலம் வேற போடணுமா?"

ஊற்றின்மேல் வாரனுக்கு நெடுநாள் கண். ஆடுகள் தண்ணீர் குடிக்கிற இடம். கையிலிருந்த பர்ரிட்டோவைக் கீழே வைத்தார். பிறகு, "ஆடு குடிக்க விடுவீங்கல்ல?" என்றார்.

"உங்களுக்கு முன்னாடி நாங்கதான் விட்டுட்டிருந்தோம், வாத்தியாரே."

அதற்குப் பிறகு பதினாறு மாதம் மேவிஸ் எழுதினாள். மூன்று கையெழுத்துக் கடிதத்தைப் பார்த்தவர்கள் அடுத்தடுத்துச் சம்மதித்தார்கள். சிலர் விற்றார்கள், சிலர் சும்மாவே கொடுத்தார்கள். ஒமாஹா டோரத்தி கட்டத்தைக் கொடுத்துவிட்டு, அடுப்பிலிருக்கும் ஆந்தைக்கு வருடம் ஒருமுறை தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எழுதினாள். மேவிஸ் நிஜமாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வரைபடத்தில் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பள்ளத்தாக்கை நெடுஞ்சாலை குறுக்கே வெட்டுகிற இடத்தில், மணலோடை ஒரு பாலத்துக்கு அடியில் போகிறது. ஆடோ ஆமையோ லாரிக்கு அடியில் நசுங்காமல் மறுபக்கம் போக அது ஒன்றுதான் வழி. பாலத்தின் வாயில் இருக்கிற இரண்டு கட்டங்களும் ஹோபர்ட் டானியுடையவை, அவர் வீடும் அங்கேதான். அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் கழுத்தில்லாத குடம்தான்.

ஹோபர்ட்டுக்கு எழுபத்தொன்பது வயது. சாலை போடும் வேலையில் இருந்தவர், தனியாள். மூன்று அறக்கட்டளைகளையும் முன்பே தனித்தனியாக விரட்டியிருந்தார். இப்போது ஒரு கம்பெனி அங்கே கிடங்கும் லாரி நிறுத்தமும் கட்டக் கேட்டிருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று ஊரில் பேச்சு.

"நீங்க போய்ப் பேசுங்க மேவிஸ்" என்றாள் இங்க்ரிட். "உங்களுக்கு மறுப்பு சொன்னவங்களே இல்ல."

மேவிஸ் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைத்தாள். ஆர்லோவிடம் மட்டும், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஹோபர்ட்டின் நாய் அவளைக் கடித்தது. நாயைக் கட்டிப்போடும் வரை தபால் வராது என்றாள் அவள். அவர் கோபத்தில் தன் தபால் பெட்டியைச் சங்கிலியால் லாரியில் கட்டி, கம்பத்தோடு பிடுங்கி எறிந்தார். பெட்டி இல்லாத வீட்டுத் தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த வருடம் அவர் பெயருக்கு ஐந்து கடிதங்கள் வந்தன. பாய்ஸி நகரத்திலிருந்து, கோரின் டானி என்று மூலையில் எழுதி. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போன மகள். ஐந்தையும் மேவிஸ் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினாள். ஆறாவது வரவே இல்லை.

ஆர்லோ மெல்லுவதை நிறுத்தினான். "நிலத்துக்காகப் போய்ச் சொன்னா அது லஞ்சம். சொல்லாம விட்டா அது திருட்டு" என்றான். "ரெண்டுல எது பரவாயில்லேன்னு என்னக் கேக்காத. எனக்குக் கூலர் பத்தித்தான் தெரியும்."

அடுத்த நாள் காலை அவள் போனாள். ஹோபர்ட் வாசலில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து பீச் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலடியில் வேறொரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"நிலத்துக்காக வந்திருந்தா இப்பவே திரும்பிப் போ."

"நிலத்துக்கு வரல. இன்னைக்கு அதப்பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்க யாருக்கு வேணும்னாலும் வித்துக்கோங்க." மேவிஸ் நின்றபடியே சொன்னாள். "பெட்டியப் பிடுங்கினீங்களே, அந்த வருஷம் உங்க பேருக்கு அஞ்சு கடுதாசி வந்துச்சு. பாய்ஸியிலேர்ந்து. கோரின் எழுதினது."

கரண்டி டப்பாவுக்குள்ளேயே நின்றது.

"நான்தான் திருப்பி அனுப்பினேன். விதி அதுதான். ஆனா உங்க கதவு ரோட்டுலேர்ந்து இருநூறு அடி. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நாய் கடிச்ச கால் வலிச்சிட்டிருந்துச்சு, உங்க மேல கோவமா இருந்தேன். அவ்வளவுதான். வேற சாக்கு எதுவும் இல்ல."

ஹோபர்ட் டப்பாவைத் தரையில் வைத்தார். 

"அஞ்சா?"

"அஞ்சு."

"போ" என்றார். "என் நிலத்த விட்டுப் போ, மேவிஸ்."

போனாள்.  ஜீப்பில் ஏறியபோது, பதினான்கு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று இறங்கியிருந்தது. சலவைக்கடை அறையில் மூவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ நிலம் போச்சு" என்றார் வாரன்.

"போகலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றாள் மேவிஸ். "பாலம் போனா வேற பாலம் பார்ப்போம். அந்த விஷயத்த மட்டும் வேற மாதிரி பண்ணியிருக்க முடியாது."

ஆல்ட்டன் எழுந்து அவள் கோப்பையில் காப்பி ஊற்றினார். 

வெள்ளிக்கிழமை வந்தது. ஹோபர்ட்டின் லாரியைக் காணவில்லை. நாயையும் காணவில்லை. கையெழுத்துப் போடப் பட்டணத்துக்குப் போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. இங்க்ரிட் அழுதே விட்டாள். சாயங்காலம் கூலர் மாட்டப் போன ஆர்லோ, கம்பெனி ஆள் ஹோபர்ட் வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து, காலையிலிருந்து காத்திருப்பதாகப் புலம்பிய செய்தியைக் கொண்டுவந்தான்.

பதினோராம் நாள் ஹோபர்ட் மேவிஸ் வீட்டு முன் லாரியை நிறுத்தினார். பல்லெல்லாம் தெரிய நாய் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தது. அவர் இறங்கவில்லை.

"பாய்ஸிக்குப் போயிருந்தேன்" என்றார்.

மேவிஸ் கம்பிக்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கதவத் திறந்தா. அரை மணி நேரம் திட்டினா. வாசல்லயே நிக்க வெச்சு. அப்புறம் உள்ள கூப்பிட்டுச் சாப்பாடு போட்டா. ரெண்டு பேரப் பசங்க இருக்காங்க. ஒருத்திக்கு என் மூக்கு, பாவம்."

"ஹோபர்ட், நான்..."

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நினைக்காத. அதுக்கு இன்னும் நாளாகும்." ஸ்டியரிங்கைத் தட்டினார். "அந்த மூணு பேரையும் நாளைக்குக் கூட்டிட்டு வா. மூணு பேரும் ஒண்ணா வரணும். தனித்தனியா வந்தா நாய அவுத்து விடுவேன்."

மறுநாள் நால்வரையும் அவர் வீட்டுக்குள்கூட அழைக்கவில்லை. நேரே பாலத்துக்குக் கீழே கூட்டிப்போனார். ஈரம் காயாத மணலில் பிளவுபட்ட குளம்புத் தடங்கள். இருபத்திரண்டு வருடமாக ஆடுகள் எந்த மாதம், எந்தப் பக்கம், எத்தனை என்று பாலத்துத் தூணில் பென்சிலால் கோடு கிழித்து வைத்திருந்தார். தூண் முழுக்கக் கோடுகள். வாரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தூணைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலையே!" என்றார்.

"சொன்னா நீங்க பலகை வைப்பீங்க. பலகைய வெச்சா கூட்டம் வரும். மொதல்ல ஒருத்தி ஆமைன்னு வந்தா, அப்புறம் நீங்க ஆடுன்னு வந்தீங்க, ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குத் தெரியல. உங்கள நம்பி எதச் சொல்றது?" ஹோபர்ட் விரலை மடக்கினார். "நான் சாகுற வரைக்கும் இந்த வீட்டுல இருப்பேன். அது ஒண்ணு. பலகை கிடையாது. அது ரெண்டு. சம்மதம்னா கம்பெனிக்காரன் தர்றதவிடக் கம்மியாவே தர்றேன்."

எல்லோரும் வாரனைப் பார்த்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து இங்க்ரிட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு சின்னப் பலகைகூட..."

"வாத்தியாரே!" என்றாள் மேவிஸ்.

"சரி, பலகை கிடையாது."

ஏப்ரலில் பத்திரம் பதிவானது. வாங்கியவர் இடத்தில் மூன்று அறக்கட்டளைகளின் பெயரும் இருந்ததால், பதிவு அலுவலகத்துப் பெண் படிவத்தில் இடம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கத்தில் எழுதினாள். ஊற்றின் பக்கத்துக் கட்டங்கள் முழுக்க ஆல்ட்டனின் மக்களிடம் போயின. கோடையில் அவர்கள் குடும்பம் குடும்பமாகப் பழைய பாதையில் நடந்து வந்தார்கள். மேவிஸ் தண்ணீர் கேன்களோடு ஓடைக்கரையில் நின்றாள்.

வாரனும் இங்க்ரிட்டும் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரே அறையில், ஒரே மேஜையில். வாரன் தன் கார் ஷெட்டுக்கு ஒரு வழியாகத் தபால் பெட்டி வாங்கி மாட்டிவிட்டார். ஹோபர்ட் மேவிஸைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார். அவளுக்கு அது போதும். அதற்குமேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்பாள்.

போன மாதம், கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு சின்ன அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். அங்கேயும் ஐந்து ஏக்கர் கட்டங்கள். அங்கேயும் திரும்பி வருகிற கடிதங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேஜையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்களுக்கும் உதவுவீங்களா?" என்று கேட்டார் ஒருவர். "ஆனா அங்க உங்களுக்கு யாரையும் தெரியாதே?"

"தெரியாதுதான்" என்றாள் மேவிஸ். அறுபத்துநான்கு வயது அவளுக்கு. ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, ரெண்டு பேரும் பின்னால உக்காருங்க. வழியில கிரியோசோட் நல்லாத் தழைச்ச இடமா ஒண்ணு காட்டுங்க."